வீட்டில் தமிழை நிறுத்த வேண்டுமா?

வணக்கம். டொரோண்டோவுக்குக் குடிபெயர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் தோழிகளுடன் சரளமாக ஆங்கிலம் பேசினாலும் பாடநூலைப் புரிந்துகொள்ளத் திணறுகிறாள், ஆகவே வீட்டில் தமிழை நிறுத்துமாறு ஆசிரியை சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து.

விளையாட்டுத் திடலில் பேசும்போது சூழலே பாதிப் பொருளை உணர்த்திவிடுகிறது. பாடநூலில் அந்தத் துணை இல்லை. இவ்வேறுபாட்டை மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் எடுத்துரைத்தார். பேச்சு ஏறத்தாழ 2 ஆண்டுகளில் கைவந்தாலும், பாடமொழியில் சக மாணவர்களை எட்டுவதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும் என்று அவர் 1981இல் வெளியிட்ட ஆய்வு, டொரோண்டோவில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றியதுதான். இதை ஆசிரியையிடம் தயங்காமல் குறிப்பிடலாம்.

ஒருவரிடம் 12 பழங்கள், மற்றவரிடம் 7, முன்னவரிடம் எத்தனை அதிகம் என்ற ஆங்கிலக் கணக்கில், 'more' (அதிகம்) என்ற சொல்லைக் கண்டவுடனே கூட்டி 19 என்று எழுதும் பிள்ளைகள் பலர். பழங்களை எதிரெதிரே அடுக்கி, ஒப்பிடுதலைத் தமிழில் விளக்கிவிட்டால், ஆங்கிலத்தில் அவள் கற்க வேண்டியது அந்தத் தொடரை மட்டுமே. அறிவியல் பாடத்தையும் முந்தைய இரவே தமிழில் பேசிவிடுங்கள். தாங்களே சொல்வதுபோல் தட்டுத்தடுமாறும் தங்கள் ஆங்கிலத்தைவிட, காரணமும் விளைவும் கோத்துப் பேசும் தமிழ் அவளுக்குப் பெரிதும் உதவும்.

பள்ளியில் ஈ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்) உதவி கிடைக்கிறதா என்று கேளுங்கள். தமிழில் கதை சொன்னாலும் அவளுக்குப் புரிவதில் சிரமம் இருக்குமானால், அது வேறு சிக்கலாக இருக்கலாம். அதைத் தனியே பரிசோதிக்குமாறு பள்ளியிடம் கோருங்கள்.