மார்ச் கடைசியில் ஸ்காட்லாந்தின் ஆரன் தீவில் கோட்ஃபெல் மலை ஏற என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

கிளாஸ்கோவில் படிக்கிறீர்கள், நண்பர்களோடு போகிறீர்கள், "874 மீட்டர்தானே, நல்ல ஷூ போதாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

தீவின் துறைமுக ஊரான ப்ராடிக்கில் ஃபெர்ரியை விட்டு இறங்கும்போது நீங்கள் நிற்பது கடல் மட்டத்தில். பாதி மலை வரை வண்டியில் போய் இறங்கும் வசதியெல்லாம் இங்கே இல்லை, 874 மீட்டரையும் காலால்தான் ஏற வேண்டும். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கைத்தான் இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள்: 5 கி.மீ. நடக்க ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். படகுத்துறையிலிருந்து உச்சிக்கு ஏழெட்டு கி.மீ. இருக்கும். ஆக, ஏற மட்டும் மூன்று மணி நேரம். சாப்பாடு, ஃபோட்டோ, வழுக்கும் இடங்கள் எல்லாம் சேர்த்தால் போய்வர ஆறேழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அதற்கு முந்தைய வாரம் போனால் ஏழு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஹெட்லாம்ப் ஆளுக்கு ஒன்று வேண்டும், ஃபோன் டார்ச் கணக்கில் வராது.

இந்த மாதத்தில் ஏமாற்றுவது கீழே இருக்கும் வெயில்தான். ப்ராடிக் கோட்டைத் தோட்டத்தில் டாஃபடில் பூத்திருக்கும், ஜாக்கெட்டைக் கழற்றலாமா என்று தோன்றும். மேலே போகப் போக ஐந்தாறு டிகிரி குறையும். ஆனால் ஆளைப் படுத்துவது குளிரைவிடக் காற்றுதான். சுற்றிலும் கடல் என்பதால் காற்றைத் தடுக்க எதுவும் கிடையாது. மணிக்கு 40 மைல் வேகத்தில் அடித்தால் பாறைமேல் நிமிர்ந்து நிற்பதே பாடு. அதனால் ஃபோனில் 'ப்ராடிக், 9 டிகிரி, வெயில்' என்று காட்டுவதை நம்பிக் கிளம்பாதீர்கள். எம்.டபிள்யூ.ஐ.எஸ். என்று மலைகளுக்கென்றே ஒரு வானிலைத் தளம் இருக்கிறது. உச்சியில் காற்று எவ்வளவு, அது நடப்பவரை எப்படிப் பாதிக்கும், மேகம் மூடுமா என்றெல்லாம் தனித்தனியாகச் சொல்வார்கள். முந்தைய நாள் மாலை அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உடை விஷயத்தில் ஒரே கண்டிப்பு: ஜீன்ஸ் கூடாது. பருத்தி நனைந்தால் சீக்கிரம் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே செயற்கை இழை அல்லது கம்பளி, மேலே ஃப்லீஸ் என்ற கதகதப்பான மேலாடை, அதற்கு மேல் மழை ஜாக்கெட். மழை பேன்ட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், காசு செலவழிப்பதென்றால் முதலில் அதற்குச் செலவழியுங்கள். கையுறை இரண்டு ஜோடி. பூட்ஸ் புதிதாக வாங்கினால் இரண்டு வாரமாவது ஊருக்குள் போட்டு நடந்து பழக்கிக்கொள்ளுங்கள்.

பாதை ப்ராடிக்கை அடுத்த க்ளாடக் என்ற இடத்தில் தொடங்கி, காட்டுக்குள் போய், வெட்டவெளிக்கு வரும். அதுவரை சுகமான நடை. மியால் ப்ரெக் என்ற கிழக்கு முகட்டில் திரும்பிய பிறகுதான் செங்குத்தும் உருட்டுக்கற்களும். கருங்கல் காய்ந்திருந்தால் பூட்ஸ் நன்றாகப் பிடிக்கும், மேலே பனிப்படலம் படிந்திருந்தால் கதையே வேறு. மார்ச்சில் உச்சியில் பனி இருக்கலாம், சுத்தமாக இல்லாமலும் போகலாம். இருக்கிறது என்று தெரிந்தால், ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடரி) கிராம்பனும் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) பழகாதவர்கள் அன்றைக்கு மேலே போகக்கூடாது என்பது என் கருத்து. வடக்கு கோட்ஃபெல்லுக்குப் போகும் பாறை முகட்டையும் முதல் தடவையிலேயே தொடாதீர்கள்.

ஏற முடியாத நாளுக்கு க்ளென் ரோசா பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆற்றோரமாக, பெரிய ஏற்றமில்லாத நடை. மலைகளைக் கீழிருந்து பார்க்கும் அழகே தனி, சொல்லப்போனால் எனக்கு உச்சியைவிட அதுதான் பிடிக்கும். அங்கே அடுப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். வசந்தத் தொடக்கத்தில் போன வருடப் புல் காய்ந்து கிடக்கும், 2025-இல் அந்தப் பள்ளத்தாக்கில் பெரிய தீ பிடித்தது. உண்ணியும் இந்தப் பருவத்தில் தலைகாட்டத் தொடங்கும், அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பைப் பாருங்கள்.

அப்புறம், ஏதாவது ஆகிவிட்டால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்பு என்று கேட்க வேண்டும். சிக்னல் பலவீனமாக இருந்தால் அதே எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். போதும், ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் அடித்து 999-க்கு அனுப்பினால் மற்றதை அவர்களே சொல்வார்கள். விசில் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். காகித வரைபடமும் திசைகாட்டியும் குழுவில் ஒருவரிடமாவது இருக்கட்டும்.

கடைசியாக ஃபெர்ரி. காற்று பலமாக இருந்தால் ரத்தாகிவிடும், மார்ச்சில் இது சாதாரணம். திங்கள் காலை தேர்வு இருந்தால் ஞாயிறு கடைசிப் படகை நம்பாதீர்கள். கிளம்பும் துறைமுகம் ஆர்ட்ரோசனா ட்ரூனா என்பதையும் டிக்கெட்டில் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள், இரண்டுக்கும் ரயில் வேறு.