ஓபெத் மாறிவிட்டதா என்று கேட்ட கோத்தகிரித் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

உன் கேள்வியைக் குன்னூரில் வைத்துப் படித்தேன். விடுப்பில் வந்திருக்கிறேன். சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, பெட்போர்டில் வண்டிகள் நகரவில்லை, மலையிலிருந்து இறங்கும் வண்டிகளையெல்லாம் உன் ஊர் வழியாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். கோத்தகிரிப் பெண் என்று சொல்லிவிட்டாய், அக்கா என்றும் அழைத்துவிட்டாய். ஆகவே உரிமையோடு ஒருமையிலேயே எழுதுகிறேன்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீ கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முதுகலைப் படிப்புக்காக ஸ்டாக்ஹோம் வந்து முதல் குளிர்காலத்தைத் தாண்டியிருக்கிறாய். பள்ளி நாட்களிலிருந்து ஓபெத் என்ற மெட்டல் இசைக்குழு என்றால் உனக்கு உயிர். அந்த இசைக்குழு பிறந்த ஊரிலேயே இப்போது குடியிருக்கிறாய். ஆனால் 2011 முதல் அவர்கள் செய்த எதுவும் உன் மனத்தில் ஒட்டவில்லை. அடித்தொண்டையிலிருந்து பாடும் டெத் மெட்டல் உறுமலைக் கைவிட்டு எழுபதுகளின் ராக் இசைக்குப் போய்விட்டார்கள், நம்பியவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டார்கள் என்கிறாய். 2024 ஆல்பத்தில் உறுமல் திரும்பியிருக்கிறது, அதை நம்பி அவர்கள் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கலாமா, ஒரு பெண் தனியாகப் போய்வரலாமா, யாரும் முகம் கொடுத்துப் பேசாத இந்த ஊரில் இதையெல்லாம் யாரிடம் பேசுவது என்று கேட்கிறாய்.

டிக்கெட் வாங்கு. தனியாகவே போ. ஆனால் உறுமலை மட்டும் நம்பிப் போகாதே.

நான் சுவீடன் போனது 2008இல். அடுத்த ஆண்டே ஓபெத் சென்னை ஐ.ஐ.டி.யில் வாசிக்க வந்தது. குன்னூரில் என்னோடு ஒரே கணினியைச் சுற்றி உட்கார்ந்து அவர்களுடைய 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்த நண்பர்கள், மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிப் போய் அவர்களை நேரில் பார்த்துவிட்டு வந்தார்கள். 'வாட்டர்ஷெட்' ஆல்பம் வெளிவந்த மறு ஆண்டு அது. அன்று மேடையில் நின்ற ஓபெத்தான் என் நண்பர்களுக்கு இன்றுவரை ஓபெத். இரண்டரை ஆண்டு கழித்து 'ஹெரிடேஜ்' வந்தபோது தொலைபேசியில் என்னிடம் பொரிந்து தள்ளினார்கள். எனக்கோ அந்த ஆல்பம் கேட்ட அன்றே பிடித்துப்போயிற்று. ஒரே ஊர், ஒரே வயது, ஒரே பாட்டுகளில் ஊறிய காதுகள். பிறகு ஏன் இப்படி என்று நிறைய யோசித்திருக்கிறேன். நான் எங்கே குடியிருந்தேன் என்பதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். உனக்கும் அது பொருந்தும்.

டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைவதை இப்போது நீயே பார்த்துவிட்டாய். அப்படி ஒரு மாலை, உடன் வேலை பார்த்த அம்மையார் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு பழைய இசைத்தட்டை எடுத்துப் போட்டார். யான் யோஹான்சன் என்ற பியானோ கலைஞர் 1964இல் வெளியிட்ட 'ஜாஸ் போ ஸ்வென்ஸ்கா'. சுவீடனின் நாட்டுப்பாடல்களைப் பியானோவிலும் பேஸிலும் மட்டும் வாசித்திருப்பார். பாட்டு என்று ஒருவரும் பாடுவதில்லை. ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, அது அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததைத் தொடுவார். அவசரமே கிடையாது. நடுவே வரும் அமைதியையும் சேர்த்துத்தான் பாட்டு. சுவீடனில் பல வீடுகளில் இந்தத் தட்டு இருக்கிறது. பாட்டிமார் சமையலறையில் கேட்கும் இசை இது.

அதன்பின் 2011 செப்டம்பரில் 'ஹெரிடேஜ்' வந்தது. மெட்டல் கேட்கப் போனவர்களுக்கு முதலில் கிடைத்தது தனிப் பியானோ. இரண்டே நிமிடம் ஓடும் முன்னிசை. அது யான் யோஹான்சனின் நடை என்று கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மையாரின் வரவேற்பறையும் கண்முன் வந்து நின்றது. அந்த நண்பர்களில் ஒருவன் கட்டபெட்டில் இருந்தான், அவனுக்கு அப்படி எதுவும் வந்து நிற்கவில்லை. வர வாய்ப்பும் இல்லை. அவனுக்கு அது யாரோ ஒருவர் வாசித்த மெதுவான பியானோ, அவ்வளவுதான்.

ஓபெத்தின் பாடகர் மிகேல் ஓகெர்ஃபெல்ட் பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர் என்பது உனக்கே தெரியும். எழுபதுகளின் சுவீடிஷ் புரோக் (புரோகிரசிவ்) ராக்கும் நாட்டுப்புற இசையும் அவர் வளர்ந்த மண். உறுமல் நின்றபோது மேலே வந்தது அந்த மண்தான். உலகச் சந்தைக்காக இளகிப்போனார்கள் என்று சொல்பவர்களை நான் ஏற்கவே மாட்டேன். சந்தைக்காக மாறுகிறவர் யாரும் அறுபதுகளின் நாட்டுப்புறப் பியானோவில் ஆல்பத்தைத் தொடங்க மாட்டார்.

அதே சமயம் உன் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. 'ஸ்டில் லைஃப்', 'பிளாக்வாட்டர் பார்க்', 'கோஸ்ட் ரெவரீஸ்' ஆகிய ஆல்பங்களில் நம்மை உலுக்கியது உறுமல் மட்டும் இல்லை. உச்சத்தில் இரைந்துகொண்டிருக்கும் பாட்டு ஒரே நொடியில் அடங்கி, ஒற்றை அகூஸ்டிக் கிட்டாரில் இறங்கும். அந்த இறக்கத்தில்தான் நம் வயிறு கலங்கும். குன்னூர் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பும்போது வருமே, அதே கலக்கம். உறுமலை எடுத்துவிட்டால் மேலே ஏறுவதற்கு உயரமே இல்லாமல் போகிறது. 'ஹெரிடேஜ்' முதல் 'சார்சரஸ்' வரை உன் காது தேடியது இதைத்தான். அதிலும் 2016இல் வந்த 'சார்சரஸ்' எனக்கே கனமாக இருக்கிறது. ஒலி கலங்கலாக, பாட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடப்பதுபோல் தோன்றுகிறது. அதை நீ கடைசிக்கு வைத்துக்கொள்.

ஆனால் 2019இல் வந்த 'இன் காவுடா வெனெனும்' ஆல்பத்தை நீ இன்னும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். இது எனக்குத் தாங்கவில்லை! அந்த ஆல்பத்தை முதலில் சுவீடிஷ் மொழியில் எழுதிப் பாடினார்கள். ஆங்கில வடிவம் பிறகு செய்யப்பட்டது. நகராட்சி நடத்தும் இலவச சுவீடிஷ் வகுப்பில் சேர்ந்திருக்கிறாய் அல்லவா? சுவீடிஷ் வடிவத்தைக் கேள். பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொள். ஓகெர்ஃபெல்ட் தன் தாய்மொழியில் பாடும்போது குரல் வேறு ஆளுடையதுபோல் நெகிழ்ந்து வருகிறது. உறுமல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் அந்த ஏற்ற இறக்கம் திரும்பக் கிடைத்துவிட்டது. உயரத்தை இம்முறை குரலும் மெல்லோட்ரான் என்ற பழைய விசைப்பலகைக் கருவியும் தருகின்றன. பிற்கால ஓபெத்தில் இதைவிடச் சிறந்தது எனக்கு எதுவும் இல்லை.

2024 நவம்பரில் வந்த 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். போன வாரம் கட்டபெட்டில் அந்த நண்பன் வீட்டில் அதைப் போட்டுக் கேட்டோம். 'வாட்டர்ஷெட்'டோடு நிறுத்திக்கொண்டவன் அவன். அன்றைய தேயிலைக் கொழுந்தை ஆலை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கையில் கறை போகாமல் வந்து உட்கார்ந்தான். முதல் பாட்டில் உறுமல் எழுந்ததும் எழுந்து நின்றுவிட்டான். "நம் ஆள் திரும்பி வந்துவிட்டான்" என்றான், கண் கலங்க.

கதையை நான் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம். பணக்காரத் தகப்பன் ஒருவன் செத்துப்போகிறான், பிள்ளைகளைக் கூட்டிவைத்து அவன் உயில் வாசிக்கப்படுகிறது, மூடி வைத்த குடும்ப ரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஏழு பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது, உயிலின் பத்தி எண்கள்தான். எட்டாவது மட்டும் பெயருள்ள மென்பாட்டு. ஜெத்ரோ டல் என்ற ஆங்கில ராக் குழுவின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழல் வாசித்து உயிலின் வரிகளைப் பேசவும் செய்கிறார். தாத்தா விட்டுப்போன தேயிலையைப் பாகம் பிரிக்கும் வழக்கு நண்பன் குடும்பத்தில் இன்னும் முடியவில்லை. கதையைக் கேட்கக் கேட்க அவன் முகம் மாறிற்று. என் காதுக்கு அந்த உறுமல், கல்லறையிலிருந்தும் அதிகாரம் செய்யும் தகப்பனின் குரல். 'பிளாக்வாட்டர் பார்க்' காலத்து உறுமல் எங்கும் பரவிக் கிடந்தது, இங்கே அதற்கு ஓர் ஆள் இருக்கிறான், ஒரு வேலை இருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாடக் கற்றுக்கொண்டதால்தான் எங்கே உறுமக் கூடாது என்பதும் ஓகெர்ஃபெல்ட்டுக்குத் தெரிந்திருக்கிறது. 'ஹெரிடேஜ்' இல்லாமல் இந்த ஆல்பம் இல்லை. நண்பன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. புல்லாங்குழல் அதிகம் என்று இன்னமும் சொல்கிறான். ஆனால் உறுமலே இல்லாத அந்தக் கடைசி மென்பாட்டை இரண்டாம் முறை போடச் சொன்னவனும் அவனே.

இனி, தனியாகப் போவது. 2007இல் அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழு பெங்களூருக்கு வந்தபோது என்னை வீட்டில் அனுப்பவில்லை. அண்ணன் போய்வந்து சொன்ன கதையைக் கேட்டுத்தான் ஆறுதல் அடைந்தேன். ஸ்டாக்ஹோமில் நான் போன கச்சேரிகளில் பெரும்பாலானவை தனியாகப் போனவை. சுற்றி நிற்பவர்களில் ஐம்பதைக் கடந்த பெண்கள் இருப்பார்கள், மகளைக் கூட்டிவரும் அப்பா இருப்பார். வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்துக்கொள். குளிர்காலமானால் மேலங்கியை உடைமை அறையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் கட்டணம், பெரும்பாலும் அட்டையில்தான் செலுத்த முடியும். குறித்த நேரத்துக்குத் தொடங்கிவிடுவார்கள். நம் ஊர் வழக்கப்படி அரை மணி தாமதித்துப் போனால் இரண்டு பாட்டு போய்விடும். ஒலியின் சராசரி அளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அரசின் பரிந்துரை இருக்கிறது, ஆனாலும் காதடைப்பான் போட்டுக்கொள். இது அக்காவின் கட்டளை.

கூட்டம் கைகட்டி அசையாமல் நிற்பதைப் பார்த்து மனம் தளராதே. அவர்கள் கேட்கும் விதம் அது. பாட்டுகளுக்கு இடையே ஓகெர்ஃபெல்ட் நிறையப் பேசுவார், சொந்த ஊரில் சுவீடிஷில் பேசுவார். நீ வகுப்பில் கற்றதில் பாதியாவது அங்கே பிடிபடும். பழைய பாட்டுகளும் நிச்சயம் வரும், அதில் சந்தேகம் வேண்டாம்.

யாரும் பேசுவதில்லை என்கிறாய். பேருந்து நிறுத்தத்தில் பேச மாட்டார்கள், உண்மைதான். ஏதாவது ஒரு வேலையில் கூட நின்றால் பேசுவார்கள். நீ பேஸ் கிட்டார் வாசிப்பாய் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதை விடாதே. சுவீடனில் கல்விச் சங்கங்கள் என்று இருக்கின்றன. ஏ.பி.எஃப். என்பது அவற்றில் பெரியது, 1912இல் தொடங்கியது. மூன்று பேர் சேர்ந்து குழுவாகப் பதிந்துகொண்டால் குறைந்த செலவில் ஒத்திகை அறை கிடைக்கும். இத்தனை சிறிய நாட்டிலிருந்து இத்தனை மெட்டல் குழுக்கள் வந்ததற்கு இந்த ஒத்திகை அறைகளும் நகராட்சி இசைப் பள்ளிகளும் முக்கியக் காரணம். ஆள் தேடும் அறிவிப்புகள் அங்கேயே ஒட்டியிருப்பார்கள். ஓபெத்தின் பேஸ் கலைஞர் மார்ட்டின் மெண்டெஸ் உருகுவேயில் பிறந்து இளம் வயதில் சுவீடனுக்கு வந்தவர். 1997 முதல் இன்றுவரை அந்தக் குழுவில் இருக்கிறார். கச்சேரியில் அவர் விரல்களைப் பார்.

எந்த வரிசையில் கேட்பது என்றும் கேட்டிருந்தாய். முதலில் 'டேம்னேஷன்'. 2003இலேயே உறுமல் இல்லாமல் வந்தது, அதை நீ ஏற்கெனவே நேசிக்கிறாய். பிறகு 'இன் காவுடா வெனெனும்' சுவீடிஷ் வடிவம். அதன்பின் யான் யோஹான்சனின் தட்டு, அதை முடித்த கையோடு 'ஹெரிடேஜ்'. கடைசியில் உயில் ஆல்பம். கச்சேரிக்கு முன் இவ்வளவும் முடித்துவிடு.

ஜூன் முதல் வாரம் ஸ்டாக்ஹோம் திரும்புகிறேன். அதற்குள் ஒரு நாள் கோத்தகிரிப் பக்கம் வர வேண்டியிருக்கிறது. உன் வீட்டார் ஏதாவது கொடுத்தனுப்ப விரும்பினால் சொல், பெட்டியில் மூன்று கிலோவுக்கு இடம் இருக்கிறது. வர்க்கி நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன், உனக்கும் சேர்த்தே. ஊறுகாய் அனுப்புவதானால் மூடியை நன்றாக இறுக்கி, இரண்டு உறையில் போட்டுத் தரச் சொல்.

அன்புடன்,
குன்னூர் அக்கா