வாசகர் கேள்வி – பதில்: ஒரே டவர், வேறு வேறு வேகம்

கேள்வி: விசேஷ நாளில் முகப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வீடியோ தங்குதடையின்றி ஓடுகிறது. இரண்டாம் கட்டில், அடுப்படிப் பக்கம் இருக்கும் எனக்குச் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஒரே கம்பெனி, ஒரே பிளான். டவர் ஓரவஞ்சனை செய்கிறதா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இல்லை. 4ஜி டவரில் ஷெட்யூலர் என்றொரு மென்பொருள் இருக்கிறது. 10 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்றால் ஒவ்வொரு மில்லி விநாடியும் அதன் கையில் டேட்டா ஏற்றி அனுப்ப 50 கட்டங்கள். எந்தக் கட்டம் யாருக்கு என்று அது முடிவு செய்கிறது. உங்கள் போன் சிக்னலின் தரத்தை 0 முதல் 15 வரை மதிப்பெண்ணாக அனுப்பிக்கொண்டே இருக்கும். 15 வாங்கிய போனுக்கு ஒரு குறியீட்டில் (டேட்டா ஏற்றிய அலையின் ஒரு சிறு துண்டு) ஐந்தரை பிட் போகும். 1 வாங்கியதற்கு 0.15 பிட்தான்.

முகப்புப் போன் தனியாக இருந்தால் விநாடிக்கு 40 மெகாபிட், உங்கள் போன் தனியாக இருந்தால் 4 மெகாபிட் வாங்கும் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வேகம் மட்டுமே குறி என்றால் எல்லாம் முகப்புக்கே போய்விடும், உங்களுக்குப் பட்டினி. இருவருக்கும் ஒரே வேகம் வேண்டுமென்றால் நேரத்தில் 11-ல் 10 பங்கு உங்களுக்குத் தர வேண்டும். அப்போதும் ஆளுக்கு 3.6-தான். இரண்டுமே நியாயமில்லை.

அதனால் பரவலாகக் கையாளப்படுவது விகித நியாய முறை. இந்த நொடி வாங்கக்கூடிய வேகத்தை, இதுவரை வாங்கிய சராசரியால் வகுப்பார்கள். ஈவு யாருக்கு அதிகமோ அவருக்கே கட்டம். இருவருக்கும் இதுவரை பாதிப் பாதி நேரம் கிடைத்திருந்தால் சராசரி 20-ம் 2-ம். முகப்புக்கு 40-ஐ 20-ஆல் வகுத்தால் 2. உங்களுக்கு 4-ஐ 2-ஆல் வகுத்தாலும் 2. உங்கள் சிக்னல் ஒரு கணம் தேறி, வாங்கக்கூடிய வேகம் 6 மெகாபிட்டுக்கு ஏறினால் ஈவு 3, உடனே உங்கள் முறை. ஆக உங்களுக்கு நேரத்தில் பாதி கிடைக்கிறது. வேகத்தில் பாதி கிடைப்பதில்லை. சராசரி எடுக்கும் கால அளவும் முக்கியம்: மிக நீளமாக வைத்தால் சிக்னல் சரிந்தவர் வெகுநேரம் காத்துக் கிடப்பார்.

குறை சுவரில். கனத்த செங்கல், சுண்ணாம்புச் சுவர்கள் இரண்டு மூன்றைத் தாண்டித்தான் அலை உள்ளே வர வேண்டும். போன் செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் பாருங்கள். சிக்னல் பலம் மைனஸ் 85 டிபிஎம் (அதை அளக்கும் அலகு) என்றால் நல்லது. மைனஸ் 110-க்குக் கீழே என்றால் சிரமம். சிம் போடும் ரூட்டர் ஒன்றை டவர் பார்த்த மாடி ஜன்னலில் வைத்து, அங்கிருந்து லேன் கேபிள் இழுத்து இரண்டாம் கட்டில் ஒரு வைஃபை பெட்டி வையுங்கள். கேபிள் 100 மீட்டருக்குள் இருக்கட்டும். இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவரை நீளும் வீட்டுக்கும் பெரும்பாலும் போதும். அதே டேட்டாவுக்குக் குறைந்த கட்டங்களே செலவாகும் என்பதால் அக்கம்பக்கத்தாருக்கும் வேகம் கூடும்.

கேள்வி: நெட் திணறும்போதும் 4ஜி பேச்சு மட்டும் தெளிவாக இருப்பது எப்படி?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: பேச்சுக்கு முன்னுரிமை உண்டு. 20 மில்லி விநாடிக்கு ஒரு சிறு டேட்டா பொட்டலம், அவ்வளவே. அதை முதலில் அனுப்பிவிட்டுத்தான் மற்றவை.

கேள்வி: காரைக்குடி–தேவகோட்டை பஸ்ஸில் சிக்னல் கோடு முழுதாக இருந்தும் நெட் நகர்வதில்லையே?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கோடு காட்டுவது சிக்னலின் பலத்தை மட்டுமே, டவரில் எத்தனை பேர் என்பதைக் காட்டாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 1800 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் நாலைந்து மில்லி விநாடிக்குள் மாறிவிடும். போன் அனுப்பிய மதிப்பெண் ஷெட்யூலரிடம் சேர்ந்து பயன்படுவதற்குள் பழசாகிறது. அதை நம்பி அதிக வேகத்தில் அனுப்பினால் பொட்டலம் பிழையாகி, சுமார் 8 மில்லி விநாடி கழித்து மறுபடி வர வேண்டும். பெரிய ஃபைல்களைப் புறப்படுமுன் இறக்கிக்கொள்ளுங்கள்.