பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்: மரக் கேமரா வாங்குவோருக்கான கேள்வி-பதில்

பெரிய ஃபார்மட் (பெரிய தனித்தாள் ஃபிலிமிலோ கண்ணாடித் தகட்டிலோ படமெடுக்கும்) பழைய மரக் கேமராக்களை வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் எழுதிய கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: "வேலைசெய்யும் நிலையிலுள்ள ஃபிலிம் கேமரா" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு ஹாஃப் பிளேட் மரக் கேமரா வாங்கினேன். மகோகனியும் பித்தளையும் புதிதுபோல் இருக்கின்றன. கேமராவுடன் ஹோல்டர் (ஃபிலிமையோ தகட்டையோ ஒளி படாமல் வைத்துக் கேமராவில் செருகும் சட்டம்) எதுவும் வரவில்லை. என்னிடமுள்ள 4×5 அங்குல ஃபிலிம் ஹோல்டரும் அதன் பின்புறத்தில் பொருந்தவே இல்லை. நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: ஆம், ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ஹாஃப் பிளேட் என்பது 4¾ × 6½ அங்குலக் கண்ணாடித் தகட்டுக்கு வகுக்கப்பட்ட அளவு. அந்தக் கேமராவுடன் செய்யப்பட்டவை, புத்தகம்போல விரித்து உள்ளே இரண்டு தகடுகளை வைத்து மூடும் மர ஹோல்டர்கள். அவை இல்லாவிட்டால் அதில் ஒரு படமும் எடுக்க முடியாது. அவை இல்லை என்பதைச் சொல்லாமல் "வேலைசெய்யும் நிலை" என்று எழுதியவர் உண்மையை எழுதவில்லை.

கேமராவைக் கூறுபோட்டு விற்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாக மனக்குறை உண்டு. யாரோ ஒருவருடைய பரணிலிருந்து கேமரா, லென்ஸ், ஹோல்டர்கள், முக்காலி எல்லாம் ஒரே பெட்டியில் இறங்குகின்றன. நூறாண்டுகளாகச் சேர்ந்தே இருந்தவை, ஒரே வாரத்தில் லென்ஸ் ஒருவருக்கும், கேமரா வரவேற்பறையில் அழகுக்கு வைப்பவருக்கும், ஹோல்டர்கள் புகைப்படச் சட்டமாக மாட்டுபவருக்கும் என்று பிரிந்து போகின்றன. பிரித்து விற்றால் கூடுதல் பணம் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அக்கால ஹோல்டர்கள் பொது அளவுக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு பட்டறையும் தன் கேமராவின் காடிக்கு (ஹோல்டரைச் செருகும் பள்ளத்துக்கு) ஏற்றபடி அவற்றை இழைத்தது. ஒருமுறை பிரிந்துவிட்டால் அந்த ஜோடியை மறுபடி சேர்ப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். ஒரு ஃபுல் பிளேட் கேமராவை, அதாவது 6½ × 8½ அங்குல அளவிலானதை, தனியாக வாங்கிவிட்டு, பிறகு மூன்று பேரிடமிருந்து மூன்று ஹோல்டர்கள் வாங்கினேன். முதலாவது காடியில் நுழையவில்லை. இரண்டாவது பாதி வழியில் இறுகிக்கொண்டது. மூன்றாவது கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு அதிகச் செலவு வைத்தது அதுதான். கிரவுண்ட் கிளாஸில், அதாவது ஃபோகஸ் பார்ப்பதற்கான பின்புறச் சொரசொரப்புக் கண்ணாடியில், எதிரே இருப்பவரின் கண்ணுக்கு ஃபோகஸ் செய்தால், படத்தில் அவருடைய காது தெளிவாக விழுந்தது. லென்ஸ்மீது சந்தேகப்பட்டு வேறொரு லென்ஸும் வாங்கிய பிறகுதான் அளவுகோலை எடுத்தேன். ஹோல்டருக்குள் ஃபிலிம் இருந்த தளம், கிரவுண்ட் கிளாஸின் தளத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் லென்ஸுக்கு அருகில் இருந்தது.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பின்பக்கத்தின் படம். கிரவுண்ட் கிளாஸ் இருக்கிறதா, அதன் சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கி இருக்கிறதா, ஹோல்டர் உள்ளே செருகிய நிலையில் எப்படி இருக்கிறது என்பவை தெரியாமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். பணம் திரும்பி வராவிட்டால் உங்களுக்கு இன்னொரு வழி உண்டு. இன்றைய 4×5 ஹோல்டர்களில் முகப்பிலிருந்து ஃபிலிம்வரை உள்ள ஆழம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் என்ற பொது அளவில் வருகிறது. அந்த ஹோல்டரையே ஏற்கும் ஒரு மாற்றுப் பின்புறத்தை, நுணுக்கமாக வேலைசெய்யும் தச்சர் உங்கள் கேமராவுக்குச் செய்துகொடுக்க முடியும். பழைய பின்புறத்தை வெட்டவோ துளையிடவோ விடாதீர்கள். அதன் ஹோல்டர்கள் என்றாவது கிடைக்கலாம்.

கேள்வி: பழைய வார்னிஷை உரித்துவிட்டுப் பாலியூரித்தேன் அடிக்கலாமா?

பதில்: கூடாது. அந்தப் பளபளப்பு பெரும்பாலும் அரக்குப் பூச்சு. ஆல்கஹாலில் கரைத்த அரக்கை மெல்லிய துணியால் தேய்த்தே அதைப் புதுப்பிக்கலாம்.

கேள்வி: 1890-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்லி, விற்றவரே கையெழுத்திட்ட சான்றிதழுடன் ஒரு மரக் கேமரா தந்தார். என் சேமிப்பில் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்தேன். எல்லாத் திருகாணிகளின் தலையிலும் கூட்டல் குறிபோல வெட்டு இருப்பதை நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார். பெல்லோஸும் (லென்ஸையும் பின்புறத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) நான்கு விரல் அகலத்துக்குமேல் நீளவில்லை.

பதில்: உங்கள் நண்பரின் கண் கூர்மையானது. பிலிப்ஸ் திருகாணி என்று நாம் சொல்லும் அந்த வகை 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பழைய கேமராவில் ஒன்றிரண்டு திருகாணிகள் பின்னாளில் மாற்றப்பட்டிருப்பது இயல்பு; அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாமே அப்படி இருந்து, பெல்லோஸும் நீளாமல் இருந்தால், அது மேசை அலங்காரத்துக்காகச் செய்யப்பட்ட பொருள். லென்ஸையும் கழற்றிப் பாருங்கள். குழலுக்குள் ஒரே ஒரு பூதக்கண்ணாடி மட்டும் இருந்தால் எஞ்சிய சந்தேகமும் தீர்ந்துவிடும்.

இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ஆண்டைக் குறிப்பிட்டு எழுத்தில் உறுதி கொடுத்தவர் அவர். அந்தச் சான்றிதழ் அவருக்கு எதிராக உங்கள் கையிலிருக்கும் ஆவணம். திருகாணிகள், பெல்லோஸ், பின்புறம் மூன்றையும் நெருக்கமாகப் படமெடுத்து, சான்றிதழின் நகலோடு சேர்த்து, எழுத்து மூலமாகவே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குச் செல்லத் தயங்காதீர்கள்.

கேள்வி: "சோதிக்கப்படவில்லை, உள்ளது உள்ளபடியே, திரும்பப் பெறப்படாது" என்று விளம்பரத்தில் இருந்தது. விலை குறைவாக இருந்ததால் உடனே வாங்கிவிட்டேன். இப்போது ஷட்டர் ஒரு விநாடி வேகத்தில் திறந்தபடியே நின்றுவிடுகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அவர் மூன்று முறை எச்சரித்திருக்கிறார். நீங்கள் விலையை மட்டும் படித்திருக்கிறீர்கள். ஷட்டருக்குள் எண்ணெய் மட்டும் விடாதீர்கள்: அது தகடுகளில் பரவி அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். மெதுவான வேகங்கள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் உலர்ந்துபோன பழைய மசகுதான் காரணம். பழுதுபார்ப்பவர் பிரித்துச் சுத்தம்செய்தால் சரியாகிவிடும்.

கேள்வி: பெல்லோஸில் ஊசித்துளை இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே எப்படிப் பார்ப்பது?

பதில்: ஒரு டார்ச் விளக்கைக் கையோடு கொண்டுபோங்கள். அறையை இருட்டாக்கி, கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் காத்திருந்து, பெல்லோஸை முழு நீளத்துக்கும் இழுத்து, உள்ளே விளக்கை மெதுவாக நகர்த்துங்கள். மடிப்புகளின் மூலைகளில்தான் முதலில் தேய்மானம் வரும். நான்கைந்து புள்ளிகள் தெரிந்தால் வளைந்துகொடுக்கும் கறுப்புப் பூச்சால் அடைக்கலாம். மூலைகள் நெடுக விண்மீன்களைப் போல ஒளி தெரிந்தால் புதிய பெல்லோஸின் செலவைக் கேமராவின் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். ஒட்டும் நாடாவை ஒட்டி மறைத்திருந்தால் வாங்க வேண்டாம். நாடா மடிப்பைத் தடித்துப்போகச் செய்து, மூடும்போது பக்கத்து மடிப்பையும் கிழித்துவிடும்.

கேள்வி: 8×10 கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன். தூரக் காட்சிகள் நன்றாக வருகின்றன. பூக்களை மிக அருகில் எடுத்தால் நெகட்டிவ் மெலிந்துபோகிறது, அதாவது ஒளி போதாமல் வெளிறிவிடுகிறது. லென்ஸை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: விற்காதீர்கள். லென்ஸில் குறை எதுவும் இல்லை. பூவை அதன் அசல் அளவிலேயே எடுக்க பெல்லோஸை 600 மில்லிமீட்டருக்கு நீட்டுகிறீர்கள். நீளம் இரு மடங்கானால் ஃபிலிமை அடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே நான்கு மடங்கு எக்ஸ்போஷர் கொடுங்கள்.

கேள்வி: பித்தளைக் குழலில் ஒரு பழைய லென்ஸ் வாங்கினேன். அதை லென்ஸ் போர்டில் (கேமராவின் முன்புறத்தில் லென்ஸைத் தாங்கும் பலகையில்) பொருத்தும் வளையம் இல்லை. உள்ளே சிறு குமிழிகளும் தெரிகின்றன.

பதில்: குமிழிகள் அக்காலக் கண்ணாடியில் இயல்பாகவே இருப்பவை, படத்தைக் கெடுக்காது. வானவில் நிறத்தில் திட்டுகள் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்: கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பிசின் பிரிந்துவிட்டது என்பது அதன் பொருள். வளையத்தின் மரை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுவதால், லென்ஸையே லேத் பட்டறைக்கு எடுத்துச்சென்று அளவெடுத்துக் கடையச் சொல்லுங்கள். அடுத்த முறை வளையமும் சேர்த்துத் தருகிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 8×10 ஃபிலிமின் விலை கட்டுப்படியாகவில்லை. எக்ஸ்ரே ஃபிலிம் வாங்கலாமா?

பதில்: பழகுவதற்குத் தாராளமாக வாங்கலாம். 8×10 அங்குல அளவிலேயே கிடைக்கிறது. சிவப்பு விளக்கின் ஒளியில் கையாளலாம். ஆனால் அது சிவப்பை உணராததால் உதடுகளும் சிவந்த தோலும் கருத்து விழும். பெரும்பாலான வகைகளுக்கு இருபுறமும் ரசாயனப் பூச்சு உண்டு. ஃபிலிமைக் கழுவும் தட்டின் அடியில் உரசினாலே கீறல் விழுந்துவிடும். வழவழப்பான கண்ணாடியைத் தட்டின் அடியில் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு தாளை மட்டும் கழுவுங்கள்.

கேள்வி: தபாலில் வந்த கேமராவின் கிரவுண்ட் கிளாஸ் நொறுங்கியிருந்தது. "பழைய கண்ணாடி அப்படித்தான்" என்று அனுப்பியவர் கைவிரிக்கிறார்.

பதில்: கண்ணாடி பழையது என்பது அனுப்பும்போதே அவருக்குத் தெரியும், அட்டை வைத்துப் பாதுகாத்திருக்க வேண்டியது அவர் பொறுப்பு. பெட்டியையும் உள்ளே வைத்த பொதிப்பொருளையும் தூக்கி எறியாமல், எல்லாவற்றையும் படமெடுத்து இழப்பீடு கேளுங்கள். மனம் தளர வேண்டாம், கேமரா பிழைத்திருக்கிறது. சாதாரணக் கண்ணாடியை அதே நீள அகலத்தில் வெட்டி, நீர் கலந்த சிலிக்கன் கார்பைடு பொடியால் ஒரு பக்கத்தைத் தேய்த்தால் புதிய கிரவுண்ட் கிளாஸ் தயார். தேய்த்த பக்கம் லென்ஸை நோக்கிச் சட்டத்தில் படியும்படி பொருத்தினால், கண்ணாடியின் தடிமன் சற்று மாறினாலும் ஃபோகஸ் மாறாது.

கேள்வி: முதல் மரக் கேமராவாக 8×10 வாங்கலாமா, 4×5 வாங்கலாமா?

பதில்: 4×5 வாங்குங்கள். ஒரு 8×10 தாளின் பரப்பில் நான்கு 4×5 படங்கள் அடங்கும், அதன் ஹோல்டர்களும் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கின்றன.