ஊர்ப் பெட்டி 'மட்டக்களப்பு' என்பதை ஏன் ஏற்கவில்லை?

கல்லடிக் கடை ஒன்றின் இணையப் படிவத்தில், ஊர்ப் பெயர் எழுதும் பெட்டியில் 'மட்டக்களப்பு' என்று அடித்தால் 'சிறப்புக் குறிகள் கூடாது' என்று வருவதாகக் கேட்டிருந்தீர்கள். அடித்ததைச் சரிபார்க்கும் விதியில் 'எழுத்து' என்ற வகையை மட்டும் அனுமதித்திருப்பீர்கள். அந்தச் சொல் கண்ணுக்கு 8 எழுத்து. எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் 12 குறியீடு. மூன்று புள்ளிகளும் 'பு'வின் உகரக் குறியும் தனித்தனியாக நிற்கின்றன, அவற்றை யூனிகோட் 'மார்க்' என்ற வேறு வகையில் வைத்திருக்கிறது. அந்த வகையையும் சேருங்கள், சரியாகிவிடும். நீள எல்லையையும் இந்தக் கணக்கில் பாருங்கள்.

அப்புறம், 'கொ'வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவோ இரண்டாகப் பிரிந்தோ, இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீர் வடிவத்துக்கு மாற்றுங்கள்.

முகவரியில் '12/3' என்ற சாய்கோட்டைத் தயவுசெய்து தடுக்காதீர்கள், நம் பக்கம் எத்தனையோ வீட்டு இலக்கங்கள் அப்படித்தான். படிவம் வழியாக யாரும் தீங்கான கட்டளை நுழைக்கும் தாக்குதலுக்குப் பயந்து குறிகளை வெட்டினால் ஆட்களின் பெயரும் விலாசமும்தான் சிதையும். தரவுத்தளத்துக்கு அளவுருவாக, அதாவது கட்டளையோடு ஒட்டாமல் தனி மதிப்பாக அனுப்புங்கள், பக்கத்தில் காட்டும்போது எஸ்கேப் செய்யுங்கள், அதாவது குறிகள் கட்டளையாகாமல் வெறும் எழுத்தாகவே தெரியும்படி மாற்றுங்கள்.