ஸ்பெசிமன் நோட்டு வாங்குவது வீண் செலவா? கினியாவை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி: புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க சோஷலிச நாடுகளின் ஸ்பெசிமன் (மாதிரி) நோட்டுகளைச் சேகரிக்கலாம் என்றிருக்கிறேன். புழக்கத்துக்கே வராத தாளுக்குப் பணம் கொடுப்பது வீண்தானே?

கேள்வியின் பின்பாதி உங்களுடையதாக இருக்காது என்று நினைக்கிறேன். யாரோ ஒரு மூத்த சேகரிப்பாளர் உங்கள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் காசே இல்லையே, தம்பி" என்று சொல்லியிருப்பார். எனக்கும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். கடையில் கைமாறிக் கசங்கிய நோட்டுக்குத்தான் வரலாறு உண்டு என்பது அவர்களின் வாதம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பெசிமன் எதற்காக அச்சிடப்படுகிறது என்று தெரிந்துகொண்டவர்கள் அதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். அச்சகம் அதை மத்திய வங்கியின் ஒப்புதலுக்கு அனுப்புகிறது. மத்திய வங்கியோ, தன் நோட்டு இப்படித்தான் இருக்கும் என்று பிற வங்கிகள் அடையாளம் கண்டுகொள்வதற்காக அனுப்பிவைக்கிறது. பழைய நாடுகளுக்கு இது அலுவலக நடைமுறை. நேற்றுப் பிறந்த ஒரு நாட்டுக்கோ, "இனி இதுவே எங்கள் பணம்" என்று உலகத்துக்குச் சொல்லும் முதல் சொல் அதுதான்.

நான் சேகரிப்பது மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியா. 1958 செப்டம்பர் 28 அன்று நடந்த வாக்கெடுப்பில், பிரெஞ்சுப் பிரதமர் டி கோல் முன்வைத்த, பிரான்ஸும் அதன் காலனிகளும் சேர்ந்த 'பிரெஞ்சுச் சமூகம்' என்ற அமைப்பில் சேர மாட்டோம் என்று பிரான்ஸின் ஆப்பிரிக்கக் காலனிகளிலேயே கினியா ஒன்றுதான் சொன்னது. அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் மறுத்து வாக்களித்தார்கள். அக்டோபர் 2 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டது, பிரான்ஸும் தன் அதிகாரிகளையும் உதவியையும் அவசர அவசரமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் பின்னும் பிரான்ஸின் நாணயத்தோடு பிணைக்கப்பட்ட பிராங்க் வலயத்துக்குள் இருந்துவந்த கினியா, 1960 மார்ச் 1 அன்று அதையும் விட்டு விலகித் தனி நாணயத்தை அறிவித்தது. முதல் வரிசை நோட்டுகள் செக்கோஸ்லோவாக்கியாவில் அச்சானவை, எல்லாவற்றிலும் அதிபர் செகூ துரேயின் முகம். அவற்றில் உள்ள தேதி 1958 அக்டோபர் 2, அதாவது நாணயம் பிறப்பதற்குப் பதினேழு மாதங்கள் முந்தைய தேதி. அடுத்த வரிசை 1963-ல்தான் வெளியானது. அதில் அச்சிடப்பட்டிருப்பதோ 1960 மார்ச் 1. நோட்டில் உள்ள தேதியை மட்டும் நம்பி ஆல்பத்தை அடுக்குகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

இரண்டாம் வரிசையை அச்சிட்டது லண்டன் டி லா ரூ நிறுவனம். சோஷலிசம் பேசிய அரசு செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகை விட்டு லண்டனுக்கு ஏன் போனது என்று கேலி செய்கிறவர்கள், பிரெஞ்சு உளவுத்துறை கினியாவின் நோட்டுகளைப் போலியாக அச்சிட்டு நாட்டுக்குள் இறக்கி, அதன் பொருளாதாரத்தைக் குலைக்க முயன்றதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பணத்தையே ஆயுதமாக்கித் தாக்கப்பட்ட நாடு அது. எளிதில் நகலெடுக்க முடியாத தாள் எங்கே கிடைக்குமோ அங்கே போவதில் என்ன தவறு?

இப்போது உங்களுக்குப் பயன்படக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பெசிமன் சேகரிப்பில் உண்மையான ஆபத்து, அது புழக்கத்துக்கு வராதது என்பதில் இல்லை. புழங்கிய நோட்டை ஸ்பெசிமனாக்கி விற்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. ஒரு கண்காட்சியில் ஒரு வியாபாரி 1960 தேதியிட்ட 1000 பிராங்க் நோட்டு ஒன்றை நீட்டி, வங்கியிலிருந்து நேராக வந்த ஸ்பெசிமன் என்று சாதாரண நோட்டைப் போலப் பல மடங்கு விலை சொன்னார். குறுக்கே சிவப்பில் ஸ்பெசிமன் முத்திரை இருந்தது, கையொப்பத்தின் மேல் துளையும் இருந்தது. நான் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கியில் பார்த்தேன். நடுவில் பழைய மடிப்பு ஒன்று ஓடியது. அந்த மடிப்பைக் கடக்கும் இடத்தில் சிவப்பு மை தாளின் நார்களுக்குள் இறங்கி, இரு பக்கமும் மெல்லிய முடிகளைப் போலக் கசிந்திருந்தது. புதுத் தாளில் முத்திரை விழுந்து பின்னால் மடிந்திருந்தால், மடிப்பின் மேட்டில் மை உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரிந்திருக்க வேண்டும். ஆக, நோட்டு மடிந்தது முன்னால், முத்திரை விழுந்தது பின்னால். எண்ணைப் பார்த்தேன், அதுவும் புழக்கத்து எண்ணாகவே இருந்தது. டி லா ரூ ஸ்பெசிமன்களில் வழக்கமாக வரிசை எண்ணின் இடத்தில் சுழியங்கள்தான் இருக்கும். பெரும்பாலானவற்றில் அச்சகத்தின் நீள்வட்ட முத்திரையும் ஓரத்தில் தனி ஸ்பெசிமன் எண்ணும் உண்டு.

"ஆப்பிரிக்க நோட்டு இப்படித்தான் சார் இருக்கும், வங்கியில் கையில் கிடைத்ததில் முத்திரை குத்தியிருப்பார்கள்" என்றார் அவர். வங்கிகள் அப்படிச் செய்ததே இல்லை என்று நான் வாதிட வரவில்லை; சில நாடுகளில் புழக்க எண்ணுள்ள நோட்டுகளிலேயே முத்திரையிட்டதும் உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு விற்பவருடையது, வாங்குபவருடையது அல்ல. எனக்கு எரிச்சல் மூட்டியது விலைகூட இல்லை, அந்த "ஆப்பிரிக்க நோட்டு இப்படித்தான்" என்ற அலட்சியம். பிரிட்டனின் நோட்டைப் பற்றி அவர் அப்படிப் பேசியிருப்பாரா?

இதைப் படித்துவிட்டு நான் துரேயின் ஆட்சிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது எழுதக்கூடும். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச் செயலாளராக இருந்த டியாலோ டெல்லி, 1977-ல் துரேயின் புவாரோ முகாம் சிறையில் உயிரிழந்தார் என்பது எனக்கும் தெரியும். நோட்டில் உள்ள முகத்தை வணங்குவதற்காக யாரும் நோட்டு சேகரிப்பதில்லை.

தொடங்குவதற்கு நான் சொல்வது 1980 வரிசையை. 1972-ல் பத்து பிராங்குக்கு ஒன்று என்ற கணக்கில் சிலி என்ற நாணயம் வந்தது. 1980-81-ல் அதற்கு ஒரு புது வரிசை அச்சிட்டார்கள். 2 சிலியில் மொராக்கோ மன்னர் ஐந்தாம் முகமது, 5 சிலியில் கானாவின் குவாமே என்குருமா, 10 சிலியில் காங்கோவின் பாட்ரிஸ் லுமும்பா, 500 சிலியில் யூகோஸ்லாவியாவின் டிட்டோ. ஒரு நாடு தன் தோழர்களின் பட்டியலையே பணமாக அச்சிட்டது வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இவற்றின் சிறு மதிப்புச் சாதாரண நோட்டுகள் மலிவாகவே கிடைக்கும். முதலில் அவற்றை வாங்கித் தாளையும் மையையும் கையால் பழகுங்கள். தரச்சான்று நிறுவனங்களின் பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்டதை வாங்கினால் இந்தப் பழக்கம் வராது. நான் மேலே சொன்ன மடிப்பை உறைக்கு மேலிருந்து கண்டுபிடிப்பது எளிதல்ல, அதற்கும் சேர்த்து நம்மிடம் கூடுதல் விலை வாங்குகிறார்கள்.

கண் பழகிய பிறகு ஸ்பெசிமனுக்குப் போங்கள். உலக நோட்டுகளுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் பிக் பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் சின்ன 'எஸ்' எழுத்து இருந்தால் அது ஸ்பெசிமன். அந்த எழுத்தைச் சொல்லி விலை கேட்கிறவரிடம் வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி இரு பக்கப் படமும், வெளிச்சத்தைச் சாய்த்து எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்தவரிடம் போய்விடுங்கள்.