ஹாதார்ன் வளர்ப்பு: சேர்வராயன் மலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இங்கிலாந்துத் தோட்டங்களில் காணப்படும் இளஞ்சிவப்பு அடுக்குப்பூ ஹாதார்ன் என்ற முள்மரத்தை ஏற்காட்டில் வளர்க்க முடியுமா? எங்கள் வீட்டில் பேரிக்காய் நன்றாகவே காய்க்கிறது.

பதில்: மரம் உயிரோடு இருக்கும், நீங்கள் எதிர்பார்க்கும் பூ கிடைப்பது அரிது. கிரட்டேகஸ் பேரினத்தைச் சேர்ந்த இம்மரங்கள் இலையுதிர்த்து உறங்கி, ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரைப் பல வாரங்கள் தாங்கிய பிறகே மொட்டுகளை ஒருசேர விரிக்கின்றன. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் மார்கழி இரவுகள் நம்மை நடுங்க வைத்தாலும், உறைபனி விழுவதில்லை; இரவில் சேரும் சிறிதளவு குளிரையும் மறுநாள் பகல் வெயில் கரைத்துவிடும். பேரியும் ஹாதார்னும் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் என்றாலும், நம் மலையில் காய்ப்பவை குறைந்த குளிரே போதுமான பேரி வகைகள் என்பதால், அவற்றைக் கொண்டு ஹாதார்னை அளவிடக் கூடாது. ஆசைக்கு ஒன்று வைக்கலாம், வரிசையாக நட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஹாதார்ன் விதைகள் நான்கு மாதமாகியும் முளைக்கவில்லை. விதை கெட்டதா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. கடினமான ஓடும் உறக்கநிலையில் உள்ள கருவும் சேர்ந்து முளைப்பைத் தள்ளிப்போடுவதால், தாயகத்திலேயே சில விதைகள் 18 மாதம் வரை காத்திருக்கும். ஈரமணலில் கலந்து சில மாதங்கள் சாதாரண வெப்பத்திலும், பிறகு மூன்று நான்கு மாதங்கள் குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரி அளவிலும் வைத்து விதையுங்கள். வெளிநாட்டிலிருந்து விதை தருவிக்க 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை பொருந்தும் என்பதையும் விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

கேள்வி: ஹாதார்னுக்கு ஈடாக வேறு என்ன நடலாம்?

பதில்: மலைக்கு, தென்சீனாவைத் தாயகமாகக் கொண்ட ராஃபியோலெப்பிஸ் இண்டிகா, அதாவது நாற்றுப் பண்ணைகளில் இந்தியன் ஹாதார்ன் என்று விற்கப்படும் பசுமைமாறாப் புதர் ஏற்றது. இதில் முள் இல்லை. நான்கைந்து அடி உயரத்தில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூக்களும் கருநீலப் பழங்களும் வரும். ஒன்றரை அடிக் குழியில் தொழுவுரம் கலந்து, தென்மேற்குப் பருவமழைத் தொடக்கத்தில் நடுங்கள். சில்வர் ஓக் நிழலில் வைத்தால் கிளைகள் நீண்டு மெலிந்துவிடும்; ஐந்து மணி நேர வெயிலாவது வேண்டும். பூத்து முடிந்தவுடன் இலேசாகக் கவாத்து செய்தால் போதும்.

கேள்வி: இந்தியன் ஹாதார்ன் செடியின் இலைகளில் மழைக்காலத்தில் செம்புள்ளிகள் தோன்றி உதிர்கின்றன.

பதில்: இது பூஞ்சையால் வரும் இலைப்புள்ளி நோய். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரித்துவிடுங்கள். இலை நனையாமல் வேரடியில் மட்டும் நீர் பாய்ச்சுங்கள். காற்றோட்டத்திற்காக உட்கிளைகள் சிலவற்றை நீக்குங்கள்.

கேள்வி: சேலத்தில், வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் இதே செடியின் இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக உள்ளன.

பதில்: நோயன்று, இரும்புச்சத்துக் குறைபாடு. காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்கு எட்டாது. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை தெளிக்கலாம். மண்ணைப் பரிசோதித்த பிறகே அடியுரத்தை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எனக்குப் பூவைவிட முள்வேலிதான் முக்கியம். நிலம் சேலம் சமவெளியில் உள்ளது.

பதில்: அப்படியானால் களா நடுங்கள். வெண்பூ, மணம், கூரிய முள், ஊறுகாய்க்குக் காய் எல்லாம் ஒரே செடியில் கிடைக்கும், வறட்சியையும் தாங்கும். புதிய விதையை முளைக்க வைத்து இரண்டடி இடைவெளியில் நட்டு, முதலிரண்டு ஆண்டுகள் நுனியைக் கிள்ளி வந்தால் அடியிலிருந்தே அடர்த்தியாகும். அவசரமென்றால் கிளுவைப் போத்துகளை இடையிடையே ஊன்றலாம். ஆடுமாடுகளை இவ்வேலி தடுக்கும். மலைமேல் உள்ள தோட்டத்திற்கும் இதையே போட எண்ணினால், காட்டெருமையை எந்த உயிர்வேலியும் நிறுத்தாது.